பச்சைச் சட்டைக்காரர் வீடு மாறிய கதை

1

ஒரு தவளை வீடு மாறுவதற்காகப் போலீஸ் வண்டியைச் சைரன் போட்டு ஓடவைத்தவள் இந்தக் கண்டத்தில் நான் ஒருத்திதான். முன்னால் போலீஸ் வண்டி, அதன் பின்னால் கரும்பு இழுக்கும் ட்ராக்டர், அதன் பின்னால் மூன்று நாய்கள், ஒரு பாதிரியார், மிச்சமிருந்த முழு ஊர். தவளை முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தது. சீட் பெல்ட் போட்டிருந்தது.

நம்பமாட்டீர்கள். நான் எழுதியதையே இப்போது திரும்பப் படித்தபோது எனக்கும் லேசாகச் சந்தேகம் வந்தது. ஆனால் சந்தேகம் வந்த மறுநிமிடமே சிரிப்பும் வந்துவிட்டது. சிரிப்பு வந்துவிட்டால் நான் எழுதியதை அடிக்கமாட்டேன்.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை, கிளப்பில் இறைச்சித் தட்டுக்கான குலுக்கல் முடிந்து, பரிசு வழக்கம்போல வேறு யாருக்கோ போன பிறகு, எங்கள் மேசையில் இதை எடுத்துவிட்டேன். மேசையே குலுங்கியது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பீர்க் குவளையைக் கீழே வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்படி எதுவும் நடக்கல" என்றார்.

அவர் பெயர் கிளாரி. வாரிங்கா ஊரின் ஒரே போலீஸ்காரராக இருந்து ஓய்வு பெற்ற சார்ஜன்ட். அந்த வண்டியை ஓட்டியவரே அவர்தான். என் கணவர்.

வீட்டுக்கு வந்ததும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். நான் கதையை எழுதுவேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் படிப்பார். வாக்குமூலங்களைப் படித்துப் படித்துப் பழகிய கண் அது, சும்மா இருக்காது; அதனால் பென்சிலால் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், எதையும் அடிக்கக் கூடாது. அடைப்புக்குறிக்குள் 'கி.' என்று முடிபவை அவருடையவை. மற்ற அடைப்புக்குறிகளும் மொத்தப் பொய்களும் என்னுடையவை.

(நாய் இரண்டுதான். – கி.)

பார்த்தீர்களா? நடக்கவே நடக்காத ஊர்வலத்தில் எத்தனை நாய் வந்தது என்று இவருக்கு எப்படித் தெரியும்?

2

தொடக்கம் அமையவில்லை. மூன்று எழுதினேன். மூன்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன். காகிதம் வீணாகக் கூடாது.

முதல் தொடக்கம்: "நவம்பர் மாதத்து வானம் ஒரு மாபெரும் செப்புப் பாத்திரத்தைப்போல வாரிங்காவின் மேல் கவிழ்ந்திருக்க, கரும்புத் தோட்டங்களின் மீது சொல்லவொண்ணாத ஒரு மௌனம் –"

எந்த மௌனம்? அது அரவைப் பருவம். சர்க்கரை ஆலையின் கரும்பு ரயில் எங்கள் படுக்கையறை ஜன்னலை உரசிக்கொண்டு போகும். அந்த ஊரில் மௌனத்தைக் கேட்டவர் யாரும் இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டிய நான் கேட்டிருக்க வழியே இல்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "பியாவுக்கு மலச்சிக்கல்."

சுருக்கம்தான். ஆனால் இது டாக்டரின் வாக்கியம். ஒரு சின்னப் பெண் தன் வயிற்றுக்குள் எதையோ கெட்டியாகப் பிடித்துவைத்துக்கொண்டு, நுனிக்காலில் நின்றபடி உலகத்தையே எதிர்க்கிறாள் என்றால், அதற்கு 'சிக்கல்' என்று பெயர் வைப்பது அவளை அவமதிப்பது. பியா வீட்டில் அதன் பெயர் கக்கா. இந்தக் கதையிலும் அதுதான் பெயர். முகம் சுளிப்பவர்கள் இப்போதே எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொள்ளலாம். அப்படியே எனக்கும் ஒரு கோப்பை.

(இதை அச்சில் போடப்போகிறாயா? – கி.)

போடப்போகிறேன்.

மூன்றாம் தொடக்கத்தில் நானே இல்லை. நான் இல்லாததால்தானோ என்னவோ, கொஞ்சம் நன்றாக வந்திருக்கிறது.

3

ரென்ஸோ துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் மண்டியிட்டு, அதற்குப் பின்னால் ஒளிந்து நின்ற மகளிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"பியா, வெளிய வாடா செல்லம்."

"வரமாட்டேன்."

"வயிறு வலிக்குதா?"

"வலிக்கல."

வலித்தது. அவனுக்குத் தெரிந்தது. கால்களைப் பின்னிக்கொண்டு, இயந்திரத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றி, முகமெல்லாம் சிவந்து, மூச்சைப் பிடித்து நின்றாள். ஓர் அலை வந்து, உள்ளே முட்டிப் பார்த்து, தோற்றுத் திரும்பும்வரை அப்படியே நின்றாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல, "அப்பா, பிஸ்கட் இருக்கா?" என்றாள்.

நான்கு வயது நிறையாத பெண். உயரக் கால்கள்மேல் நிற்கும் அந்த மரவீட்டுக்கு அடியில்தான் அவர்களுடைய கழிப்பறை: சலவைத் தொட்டி, பழைய டயர்கள், ரென்ஸோவின் கருவிகள், அவற்றுக்குப் பக்கத்தில் தகரம் அடித்த ஒரு சின்ன அறை. வெயில்காலம் தொடங்கியபோதே பியா யார் துணையும் இல்லாமல் படியிறங்கிப் போய்வரப் பழகியிருந்தாள். பிறகு அவள் அம்மா மரீசாவுக்கு ஏழாம் மாதத்தில் ரத்தம் பட்டது. பிரசவம்வரை படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டவுன்ஸ்வில் நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வாரமே பியா கக்கா போவதை நிறுத்திவிட்டாள்.

டாக்டர் ஃபெனெக் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ரென்ஸோவை வாசல்வரை தனியாகக் கூட்டிப் போனார்.

"கல்லு மாதிரி இருக்கு ரென்ஸோ. மருந்து தரேன், ஆனா இது மருந்து விஷயம் இல்ல. பிடிச்சு வச்சிருக்கா. பிடிக்கப் பிடிக்க இறுகும், இறுக இறுக வலிக்கும், வலிக்குமேன்னு இன்னும் பிடிப்பா. திங்கக்கிழமை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள அவளாப் போகலேன்னா டவுன்ஸ்வில்ல சேத்துக் குழாய் வைக்கணும்."

"அவ பயந்துருவாளே டாக்டர்."

"பயந்துருவா. அதுக்கப்புறம் டாய்லெட்னாலே ஓடுவா. அதனால திட்டாதே. தூக்கிட்டுப் போய் உக்கார வைக்காதே. எதுக்குப் பயப்படறான்னு கண்டுபிடி."

ரென்ஸோ திட்டவில்லை. கால் அந்தரத்தில் தொங்கினால் குழந்தைகளுக்கு விழுந்துவிடுவோமோ என்று இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். பலகை அறுத்துப் படி செய்துபோட்டான். சாப்பிட்டவுடன் உட்காரவைத்தால் தானாக வரும் என்றார்கள். சாப்பிட்டவுடன் கதை சொல்லிக்கொண்டே கீழே கூட்டிப்போனான். தகரச் சுவர் முழுக்க நட்சத்திரப் படம் ஒட்டினான். கரடி பொம்மையைக் கழிப்பறைக் கோப்பைமேல் உட்காரவைத்து, அது முக்குவதுபோலவும் பிறகு நிம்மதியாகப் பெருமூச்சு விடுவதுபோலவும் குரல் கொடுத்தான். பியா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். கரடிக்குக் கைதட்டினாள். அவள் மட்டும் உட்காரவில்லை.

(இந்த இடத்தில் ரென்ஸோவை அளவுக்குமீறி நல்லவனாக எழுதிவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. ஆறடி ஆள், அரவைப் பருவம், விடிந்தால் வயலில் இருக்க வேண்டும், மனைவி ஆஸ்பத்திரியில். கோபமே வராமலா இருக்கும்? அதனால் அவன் ஒருமுறை ஒரு வாளியை வேலிக்கு அப்பால், பக்கத்து வீடான எங்கள் கொல்லைக்குள், எட்டி உதைப்பதாக எழுதினேன்.)

(அது உண்மை. வாளி நம் ரோஜாச் செடிமேல் விழுந்தது. – கி.)

கடைசியில், இந்த மண்ணில் பிறந்த எவனும் கண்டுபிடிப்பதை அவனும் கண்டுபிடித்தான். தவளை.*

* எங்கள் பக்கத்தில் கழிப்பறையில் உட்காருமுன் உள்ளே எட்டிப் பார்ப்பது வீட்டுக் கதவைத் தட்டுவது போன்ற மரியாதை. மழை இல்லாத மாதங்களில் பச்சை மரத்தவளைகளுக்கு எங்கள் கோப்பைகளைவிட்டால் குளிர்ச்சியான இடம் கிடையாது. விளிம்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டு குடும்பம் நடத்தும். நான் எட்டிப் பார்க்காமல் உட்கார்ந்த ஒரே நாளில் தவளை என்னைத் தொட்டதும் நான் போட்ட கூச்சலில் ஆலையின் சங்கு ஊதிவிட்டது என்று நினைத்துத் தொழிலாளிகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பியா வீட்டிலும் ஒன்று இருந்தது. உள்ளங்கை அளவு, கொழுத்தது. குழந்தை இதைப் பார்த்துத்தான் பயப்படுகிறாள் என்று ரென்ஸோ முடிவு கட்டினான். அதைப் பிடித்து ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஓடைக்கரையில் விட்டான். இரண்டு நாளில் திரும்பி வந்தது. மறுபடி பிடித்து லாரியில் ஏற்றிப் பாலத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டான். மறுபடி வந்தது. கூரையில், கழிப்பறைக் காற்றுக்குழாயின் வாயைக் கம்பிவலையால் கட்டினான். எப்படியோ வந்தது. ஒவ்வொரு முறையும் அதைத் துரத்திவிட்டு, மகளைத் தூக்கி, காலிக் கோப்பையைக் காட்டினான்.

"பாரு, பாரு! யாருமே இல்ல! அப்பா துரத்திட்டேன்!"

ஒவ்வொரு முறையும் அந்தக் காலிக் கோப்பையைப் பார்த்து அவள் முன்பைவிடப் பெரிதாக அழுதாள். பயம் இன்னும் தெளியவில்லை என்று அவன் நினைத்தான். இன்னும் மும்முரமாகத் துரத்தினான்.

இப்படியே சனிக்கிழமை வந்தது.

4

சார்ஜன்ட் கிளாரி கதைக்குள் வருகிறார். இந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்குத் தீராத ஐயங்கள் உண்டு. அவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அவரை எழுத வரவில்லை. "உயரமான, கண்டிப்பான, சிரிக்கத் தெரியாத –" என்று ஆரம்பித்தேன். சமையலறையில் இருந்து அவர் விசில் அடிப்பது கேட்டது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

ரென்ஸோவின் லாரியில் பின்விளக்கு எரியவில்லை என்று சொல்லத்தான் அவர் அன்று வந்தார். ரென்ஸோ வீட்டுக்கு அடியில் நின்று கம்பிவலை வெட்டிக்கொண்டிருந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

(அன்று காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. இவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. – கி.)

எனக்கு எல்லாம் கேட்டது.

"ரென்ஸோ, உன் லாரில பின்னாடி லைட்டே இல்லப்பா. எவனாவது வந்து உன் முதுகுல ஏறப் போறான்."

"மன்னிச்சுருங்க சார்ஜன்ட். இந்தத் தவளை வேலை முடியட்டும், திங்கக்கிழமை பாத்துடறேன்."

சலவை இயந்திரத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீங்கதானே போலீஸு?"

சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். இரண்டு கண்கள் தெரிந்தன.

"ஆமாம்மா."

"கெட்டது பண்ணா பிடிப்பீங்கதானே?"

"பிடிப்பேன். யாரு என்ன பண்ணாங்க?"

"எங்கப்பா ஒருத்தரைத் தண்ணியில தள்ளிவிட்டுட்டாரு."

ரென்ஸோவின் கையில் இருந்த வெட்டுக்கத்தரி நின்றது. சார்ஜன்ட் அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு, பணியில் இருக்கும் போலீஸ்காரர் எப்படிக் கேட்பாரோ அப்படியே, சிரிக்காமல், டயர்மேல் உட்கார்ந்து கேட்டார்.

"யாரைத் தள்ளினாரு?"

"இங்க குடியிருக்கறவரை."

"ஆளு எப்படி இருப்பாரு?"

"பச்சைச் சட்டை. வாய் இம்மாம் பெருசு. கை எங்க வச்சாலும் ஒட்டிக்கும். யார் கூடவும் சண்டைக்கு வரமாட்டாரு."

"எப்பத் தள்ளினாரு?"

"அம்மா ஊருக்குப் போனாங்கல்ல, அன்னிக்கு. அப்பா பாக்காமலே ஃப்ளஷ் பண்ணிட்டாரு. அவரு சுத்திச் சுத்தி… சுத்திச் சுத்திப் போயிட்டாரு. என்னைப் பாத்துக்கிட்டே போனாரு."

ரென்ஸோ கழிப்பறைக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆனா திரும்பி வந்துட்டாரு," என்றாள் பியா. "அவரு வீடு அதுதானே. அப்பா பிடிச்சுட்டுப் போய்ட்டாரு. மறுபடி வந்தாரு. மறுபடி பிடிச்சுட்டுப் போய்ட்டாரு. இப்ப அவரு அந்த ஓரத்துக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு இருக்காரு. எனக்குத் தெரியும். நான் சொல்லமாட்டேன்."

"அதனாலதான் நீ உக்காரலயாம்மா?"

அவள் சார்ஜன்டை, உலகத்திலேயே மந்தமான போலீஸ்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நான் கக்கா போனா அவரு தலையில விழும்ல?"

ரென்ஸோ அந்தக் கத்தரியைப் பெட்டிமேல் வைத்தான். வைத்த இடத்தில் அது நிற்காமல் விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை. ஊரே சேர்ந்து செய்த தவறு அது. தவளையைக் கண்டு குழந்தை பயப்படுகிறாள் என்றே எல்லாரும் நினைத்தோம். தவளைக்காக அவள் பயப்படுகிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"தம்பி," என்றார் சார்ஜன்ட், "உன் மேல புகார் வந்திருக்கு. கொஞ்சம் பெரிய புகார்."

(இப்படி நான் சொல்லவில்லை. – கி.)

(பிறகு எப்படிச் சொன்னாய்?)

(சொல்லவே இல்லை. இது நடக்கவில்லை. – கி.)

5

யோசனை என்னுடையது. வேலிமேல் ஏறிக் குதித்து அந்தப் பக்கம் போய்ச் சொன்னேன். (வேலி எட்டு அடி உயரம். ஒரே தாவல்.) (இரண்டடி. அதிலும் பாவாடை மாட்டிக்கொண்டது. – கி.)

தவளையை விரட்டக் கூடாது. அதற்கு இதைவிட நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மரத்தவளைக்கு எது பிடிக்கும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு வெட்டி, அடியை மூடி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நிழலில் நிறுத்திவைத்தால் அதை அரண்மனை என்று நினைத்துக்கொள்ளும். ரென்ஸோ குழாய் அறுத்தான். பியா அதன்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கதவும் ஜன்னலும் வரைந்தாள். எங்கள் வீட்டுக் கொல்லையில், குழாயடியை ஒட்டி நிற்கும் மாமரத்தில் அதைக் கட்டினோம். தண்ணீர்க் குழாய் எப்போதும் சொட்டும் என்பதால் அந்த இடத்தில் ஈரம் வற்றாது.

ஆனால் பியா ஒரு நிபந்தனை வைத்தாள்.

"அப்பா தூக்கிட்டுப் போகக் கூடாது."

"ஏன்மா?"

"வழியில எங்கயாவது போட்டுருவாரு."

ரென்ஸோவின் முகத்தை அப்போது பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் அதை இங்கே எழுதவும் இல்லை.

"போலீஸ்தான் கூட்டிட்டுப் போகணும்," என்றாள். "போலீஸ் வண்டியில."

இனி வருவதுதான் நான் கிளப்பில் சொன்ன பகுதி. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம். தேவாலயத்தில் இருந்து வீட்டுக்குத் திரும்பியவர்கள் எங்கள் தெருவில் போலீஸ் வண்டி நிற்பதைக் கண்டால் சும்மா போவார்களா? நானூறு பேர் கூடினார்கள். (பதினொரு பேர். – கி.) பியா கோப்பையின் விளிம்பைத் தட்டி, "ஐயா, வெளிய வாங்க, புது வீடு ரெடி" என்றாள். ரென்ஸோ கையை நீட்டினான். அவள் அவன் கையைத் தள்ளிவிட்டாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "சரி, பிடிங்க. மெதுவா" என்றாள். அந்த ஆறடி மனிதன் ஒரு தவளையை அப்படித் தூக்கியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிறந்த குழந்தையைக்கூட மனிதர்கள் அதைவிடக் கொஞ்சம் அலட்சியமாகத்தான் தூக்குவார்கள்.

ஐஸ்கிரீம் டப்பா பியாவின் மடியில். பியா முன் இருக்கையில். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் மாமரத்துக்கும் இடையே ஒரு வேலிதான் இருந்தது என்பதால், ஊர்வலம் ஊர்வலமாகத் தெரிவதற்காக ஆலையைச் சுற்றிக்கொண்டு போனது. சைரன் ஒலித்தது.

(சைரன் போடவில்லை. – கி.)

போட்டார். ஆலை மேலாளர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

(மேலாளர் அன்று ஊரிலேயே இல்லை. – கி.)

பச்சைச் சட்டைக்காரர் டப்பாவில் இருந்து தானாகவே குழாய்க்குள் ஏறினார். உள்ளே போய்த் திரும்பி, வாயை மட்டும் வெளியே நீட்டி உட்கார்ந்தார். கைதட்டினோம். பாதிரியார் ஆசீர்வதித்தார். (ஆசீர்வதிக்கவில்லை. மாம்பழம் பறித்தார். – கி.)

கைதட்டல் நின்றதும் எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. பியா நுனிக்காலில் நின்றிருந்தாள். கால்கள் பின்னிக்கொண்டன. அலை வந்துவிட்டது.

ரென்ஸோ அவளைத் தூக்க ஓர் அடி வைத்தான். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்; நின்றுவிட்டான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பைக்குள் வைத்தான்.

பியா சார்ஜன்டின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க மட்டும் வாங்க."

இருவரும் வேலிக்கு அந்தப் பக்கம் போனார்கள். தகரக் கதவு சாத்திய சத்தம் கேட்டது. நாங்கள் எல்லாரும் மாமரத்தடியில் நின்றோம். ரென்ஸோ கண்ணை மூடிக்கொண்டு நின்றான். உதடு அசைந்தது.

6

வாசகர்களே, இங்கே மாட்டிக்கொண்டேன்.

அந்த அறைக்குள் நான் இல்லை. இத்தனை பக்கம் பொய்யை ஆறாக ஓடவிட்ட நான், தகரக் கதவு சாத்திய பிறகு என்ன நடந்தது என்று ஒரு வாக்கியம்கூட எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே போனவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இப்போது பிரிஸ்பேனில் இரண்டு பிள்ளைகளின் அம்மா. அவளுக்கு அந்த வயசு நினைவில் இல்லை. இன்னொருவர் எதிர்ச் சோபாவில் உட்கார்ந்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்கிறார்.

அதனால் முடிவுகளைத் தருகிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முடிவு: கதவுக்குப் பின்னால் இருந்து இடி இடித்ததுபோல ஒரு சத்தம். மாமரத்தில் இருந்து பழங்கள் உதிர்ந்தன. நானூறு பேரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள்.

இரண்டாம் முடிவு: கதவு திறந்தது. பியா அழுதுகொண்டே வந்தாள். முடியவில்லை. மறுநாள் ரென்ஸோ அவளை லாரியின் முன்பக்கம் படுக்கவைத்து டவுன்ஸ்வில்லுக்கு –

இதை முடிக்க முடியவில்லை. கை வரவில்லை. இது நடந்திருக்கலாம் என்பதுதான் காரணம்.

மூன்றாம் முடிவு: அன்று எங்கள் சார்ஜன்ட் விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாகப் பக்கத்து ஊர்க் கான்ஸ்டபிள் டூலன் வந்திருந்தார். அழகிய மீசைக்காரர், அந்த வருஷம் ஆற்று மீன்பிடிப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். பியா அவருடைய கையைப் பிடித்தாள். கான்ஸ்டபிள் டூலனின் இனிய குரலையும் தைரியத்தையும் கண்டு குழந்தையின் பயம் பறந்தோடியது. கான்ஸ்டபிள் டூலனுக்குத்தான் இந்த ஊர் என்றென்றும் –

7

"டூலனா?"

சோபாவில் இருந்து வந்த குரல் அது. கையில் பக்கம். பென்சிலைக் காணோம், கீழே விழுந்திருக்க வேண்டும்.

"கதைதானே கிளாரி."

"டூலனா? அவன் குழந்தையப் பாத்தா நாலடி தள்ளி நிப்பான்! மீன்பிடிப் போட்டியில அந்த மீனை அவன் கடையில வாங்கினான்!"

"நீதான் அங்க போகவே இல்லன்னு சொன்னியே. யாராவது ஒருத்தர் உள்ள போயிருக்கணுமே."

"கிளெனிஸ், வேண்டாம்."

"கான்ஸ்டபிள் டூலன் அவ கண்ணைத் துடைச்சு விட்டாரு, அப்படின்னு அடுத்த வரி எழுதப் போறேன்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். விசில் அடிக்கவில்லை.

"அவளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தேன்," என்றார். "போலீஸ்கிட்ட சொன்னது வெளிய போகாதுன்னு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அவளுக்கே இப்ப ரெண்டு பிள்ளைங்க ஆச்சு," என்றேன்.

"ஆச்சு," என்றார். "முதல்ல கோப்பைக்குள்ள தேடச் சொன்னா. வேற யாராவது குடியிருக்காங்களான்னு. ஓரத்துக்கு அடியில. மேலருந்து பாத்தாத் தெரியாதே. மண்டி போட்டேன். யூனிஃபார்மோட. டார்ச் அடிச்சு, தலையை உள்ள விட்டு, சுத்திச் சுத்திப் பாத்தேன். 'யாரும் இல்லம்மா'ன்னேன். என் குரலே எனக்குப் பேய்க் குரல் மாதிரி கேட்டுச்சு. 'நல்லாப் பாத்தீங்களா'ன்னா. மறுபடி பாத்தேன்."

நான் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய சாதனை செய்ததில்லை.

"அப்புறம் உக்காந்தா. நான் திரும்பிக்கிட்டு நின்னேன். கை குடுன்னா. பின்னாடி கை குடுத்தேன். ஒரு விரலைப் பிடிச்சுக்கிட்டா. 'வலிக்கும்'னா. 'வலிக்கும்தான், வலிச்சா அமுக்கு'ன்னேன். அமுக்கினா பாரு, இந்த விரல் மூணு நாள் மரத்துப் போச்சு. அந்த நேரத்துல அவ என்கிட்ட ஒண்ணு கேட்டா."

"என்ன கேட்டா?"

"'இங்கருந்து போறவங்க டவுன்ஸ்வில்லுக்கா போறாங்க'ன்னு."

வெளியே கரும்பு ரயில் போனது. அது போய் முடியும்வரை அவர் காத்திருந்தார்.

"எனக்கு முதல்ல விளங்கல. அப்புறம்தான் விளங்குச்சு. அம்மா போன அன்னிக்கே அந்தத் தவளையும் போச்சில்ல. 'அவரு திரும்பி வந்துட்டாருல்ல, அம்மா வருவாங்களா'ன்னா. நான் என்ன சொல்றது? மரீசாவுக்கு அப்ப எப்படி இருந்துச்சுன்னு உனக்கே தெரியும். டாக்டருக்கே தெரியல. போலீஸ்காரன் தெரியாததைச் சொல்லக் கூடாது கிளெனிஸ். 'வருவாங்க'ன்னேன். என் சர்வீஸ்ல நான் ஆதாரம் இல்லாமச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். சொன்னதும் அவ ஒரு பெருமூச்சு விட்டா. அவ்வளவுதான். எல்லாம் வந்துருச்சு. எட்டிப் பாத்து, 'பெருசு'ன்னா. 'ரொம்பப் பெருசும்மா'ன்னேன். மறுபடி ஒருதரம் டார்ச் அடிச்சுப் பாக்கச் சொன்னா. பாத்தேன். அப்புறம் அவளே ஃப்ளஷ் பண்ணினா. கையை ஆட்டி டாட்டா காட்டினா."

"நீ?"

"நானும் காட்டினேன்."

இந்தக் கதையை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். என் பொய்யெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க வெட்கப்படுகிறது. முடிவைப் படிக்கிறவர்களே எழுதிக்கொள்ளட்டும் என்றேன். அவர் வந்து என் எதிரில் உட்கார்ந்து, டூலன் இருந்த பக்கத்தை எடுத்து நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அவங்க என்னத்த எழுதிக்கறது? அவங்களா மண்டி போட்டாங்க?" என்றார். "எழுது. சார்ஜன்ட் ஒத்துக்கிட்டாருன்னு எழுது. நடந்துச்சு."